சொட்டு என்பதே அதிகம்

பினாங்கின் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் துணி விரித்துப் பரப்பிய பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு சீகோ 5 வாட்ச் கிடக்கும். கையில் எடுத்தால் போதும், விற்பவர் அதை வாங்கி நாலு குலுக்குக் குலுக்கித் திருப்பிக் கொடுப்பார். வினாடி முள் நகரும். "போலே ஜாலான்" என்பார். ஓடுவது உண்மைதான். ஆனால் எண்ணெய் காய்ந்து முப்பது வருடம் ஆன கடிகாரமும் குலுக்கினால் ஓடும். ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் தன் சக்கர அச்சுகளின் மெல்லிய நுனிகளை, அதாவது அச்சுமுனைகளை, தானே அறுத்துக்கொண்டு ஓடும். வாங்கிய கையோடு தினமும் கட்டிக்கொண்டு திரிவதைவிட, சர்வீஸ் ஆகும்வரை அதை நிறுத்தி வைத்திருப்பது மெஷினுக்கு நல்லது.

பினாங்கில் கிடைக்கும் பழைய மெக்கானிக்கல் வாட்சுகளில் உடைந்து செத்தவை குறைவு. காய்ந்த எண்ணெயால் நின்றவை பாதி. கடற்காற்றும் வியர்வையும் ஏற்றிய துருவால் நின்றவை கொஞ்சம். மிச்சம், இதற்கு முன் திறந்தவர் கைவண்ணம். பின்மூடியைத் திறந்து தையல் மிஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விடுவது, அல்லது துரு இளக்கும் ஸ்ப்ரேயை ஒரு தடவை அடிப்பது. அன்றைக்கு ஓடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். சில மாதத்தில் அந்த எண்ணெய் உள்ளே இருந்த தூசியோடும் உலோகத் துகளோடும் சேர்ந்து மண்டியாகிவிடும். மண்டி தேய்ப்புக்காகிதத்தின் வேலையைச் செய்யும்.

சர்வீஸ் என்றால் எண்ணெய் போடுவது என்று நினைப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. பழைய எண்ணெயை ஒரு துகள் விடாமல் எடுப்பதுதான் சர்வீஸ். புது எண்ணெய் கடைசியில் வரும் சின்ன வேலை, அதுவும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவில். அச்சுமுனையைத் தாங்கும் சிறு கல்லின் நடுவில் இருக்கும் குழிக்குள், அச்சுமுனைக்கும் துளைக்கும் இடைப்பட்ட சந்தில், எண்ணெய் தன் பரப்பு இழுவையால்தான் நிற்கிறது. குழி நிரம்பி வழிந்தால் தட்டின்மேல் பரவும். பரவிய எண்ணெய் குழிக்குள் இருப்பதையும் சேர்த்து வெளியே இழுத்துவிடும். அதிகம் போட்ட இடம்தான் முதலில் காயும் என்பதன் காரணம் இதுதான்.

இங்கே உதாரணத்துக்கு சீகோ 7009A. நம் பக்கத்து வீடுகளில் அலமாரிக்குள் கிடக்கும் சீகோ 5-களில் நிறையப் பேருக்கு எதிர்ப்படும் மெஷின் இது. 17 கல், மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது வினாடிக்கு ஆறு. கிழமையும் தேதியும் உண்டு. கையால் சாவி கொடுக்க வழி கிடையாது. கை அசைவில் சுழலும் ரோட்டர் என்ற எடைத்தட்டு சுற்றித்தான் ஏற வேண்டும். பின்மூடியில் 7009- என்று தொடங்கும் எண் மெஷினையும் கூட்டையும் குறிப்பது. அதன் பக்கத்திலிருக்கும் ஆறு இலக்க எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 84 என்று தொடங்கினால் எட்டில் முடியும் ஆண்டின் ஏப்ரல். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் இலக்கத்துக்குப் பதில் ஓ, என், டி என்ற ரோமன் எழுத்துகள் வரும். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் எண்ணை வைத்து ஊகிக்க வேண்டும்.

வாங்கும்போதே டயலைக் கவனியுங்கள். மும்பையில் மறுபூச்சுப் பூசி வரும் டயல்கள் இங்கும் சுற்றுகின்றன. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பச்சை, தடிமனாகப் பிசிறடித்த எழுத்து, ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய பொடி எண் காணாமல் போயிருப்பது, இவையெல்லாம் அதன் அடையாளம். மங்கிய சொந்த டயல் பளபளக்கும் மறுபூச்சைவிட மேல். டயலில் கை வைக்காதீர்கள். 1970-களுக்கு முந்தைய, இருட்டில் ஒளிரும் டயல் கைக்கு வந்தால் அதன் பூச்சைச் சுரண்டவே கூடாது. அது ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது நின்றுபோயிருந்தாலும் கதிர்வீச்சு நிற்காது, அதன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு.

கருவிகளுக்கு வருவோம். 0.8, 1.0, 1.2, 1.6 மில்லிமீட்டர் திருப்புளிகள், 3-ம் எண்ணும் 5-ம் எண்ணும் கொண்ட இடுக்கிகள், 5 மடங்கும் 10 மடங்கும் காட்டும் கண்லென்சுகள், முள் நெம்பி, மெஷின் தாங்கி, ஊதுபந்து, விரலுறை. திருப்புளி புதிதாக வாங்கினாலும் அதன் நுனியைச் சாணைக்கல்லில் தீட்டி, திருகின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும்படி செய்துகொள்ளுங்கள். வழுக்கிய ஒரு திருப்புளி, ஊசலாடி வேகத்தைத் தீர்மானிக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் மேல் போய் விழுந்தால் கதை முடிந்தது. வெறும் விரலால் தட்டுகளைத் தொடாதீர்கள். நம் ஊர் வியர்வைக்கு நாளை மறுநாளே ரேகை கறையாக எழுந்து நிற்கும். வேலை முடியும்வரை கூரைக் காற்றாடியை நிறுத்தி வையுங்கள். வியர்க்கும்தான். ஆனால் தேதிச் சக்கரத்து ஸ்ப்ரிங் ஒன்று காற்றில் போனால் அதைத் தேடுவதற்கு அதைவிட அதிகம் வியர்க்கும். மேசை ஓரத்தில் வெள்ளைத் துணியை ஒட்டி அதன் மறுமுனையை மடியில் போட்டுக்கொள்வது பழைய கைகளின் பழக்கம்.

பின்மூடியைத் திறந்ததும் ரோட்டரை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ரோட்டர் கூட்டின் உட்சுவரில் உரசிய கீறல் இருக்கிறதா? இருந்தால் அதன் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது நடுத் திருகு தளர்ந்திருக்கிறது. அடுத்து, ஒரு சின்னத் திசைகாட்டியை வாட்சின் பக்கத்தில் கொண்டுபோங்கள். அதன் முள் துடித்தால் மெஷின் காந்தம் ஏறியது. பேலன்ஸை ஆட்டும் மயிரிழைச் சுருளான ஹேர்ஸ்ப்ரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அதன் நீளம் குறைந்ததுபோல் ஆகி, நாளைக்குப் பல நிமிடம் முந்தும். எண்ணெய் பட்டு ஒட்டினாலும் இதே அறிகுறிதான். காந்தம் நீக்கும் கருவியில் வைத்து எடுத்துப் பார்த்தபின் மற்றதை யோசிக்கலாம். இதைச் செய்யாமல் முந்துவதைச் சரிக்கட்ட வேக நெம்பை ஓரம்வரை தள்ளிவைத்திருக்கும் வாட்சுகள் ஏராளம்.

கிரவுன் எனும் பக்கக் குமிழின் தண்டான ஸ்டெம் அருகே இருக்கும் சிறு நெம்பை அழுத்தினால் கிரவுன் வெளியே வரும். நெம்பைத் திருகோடு திருகி எடுக்க முயன்றால் உள்ளே இருக்கும் பாகம் கழன்று விழும், அழுத்துவது மட்டுமே. மெஷின் வெளியே வந்ததும் முட்கள், டயல். முட்களை நெம்பும்போது டயல்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து கிழமைச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சிறு சி வடிவ வளையம். சீகோ பிரிப்பவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது தரையில் தவழ்ந்து தேடியிருக்கும் பாகம் இது. கூராக்கிய மரக்குச்சியால் ஒரு பக்கம் அழுத்தி, மறுபக்கம் இடுக்கியால் மெல்ல விரித்தால் பறக்காது. கிழமை, தேதி வட்டுகளில் அச்சு இருக்கிறது. அவை எந்தத் திரவத்துக்கும் போகக் கூடாது. தனி டப்பியில் மூடி வைத்துவிடுங்கள்.

இப்போது மெஷினைப் புரட்டி, எதைத் தொடுவதற்கும் முன், ஓட்டத்துக்கு விசை தரும் மெயின் ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தை இறக்குங்கள். அதை ஏற்றும் ரேட்செட் சக்கரத்தின் திருகில் திருப்புளியை ஊன்றி, ஏறும் திசையில் ஒரு இழை திருப்பி, சக்கரம் பின்சுழலாமல் பிடித்திருக்கும் கிளிக்கை விலக்கி, திருப்புளியின் தண்டு விரல்களுக்கிடையே மெல்லப் பின்சுழல விட வேண்டும். பட்டென்று விட்டால் ரேட்செட்டின் பல்லோ கிளிக்கோ போகும். இறக்காமல், சக்கரங்களை ஒவ்வொரு பல்லாகத் தடுத்து விடும் பேலட் நெம்பை எடுத்தால் இன்னும் மோசம்: தடுப்பு போன சக்கரங்கள் எல்லாம் ஒரே வீச்சில் விர்ரென்று சுற்றி நிற்கும், காய்ந்த கற்களில் முனை அறுபடும். இறக்கிவிட்டோமா என்று சரிபார்க்க வழி எளிது. பேலன்ஸை எடுத்தபின் பேலட் நெம்பின் வாலைக் குச்சியால் ஒரு பக்கம் தள்ளுங்கள். தானாகச் சடக்கென்று மறுபக்கம் பாய்ந்து நின்றால் உள்ளே இன்னும் விசை இருக்கிறது. துவண்டு நின்றால் இறங்கிவிட்டது.

பேலன்ஸை எடுப்பது பதற்றமில்லாத கையின் வேலை. அதைத் தாங்கும் மேல்தட்டான பிரிட்ஜைத் தூக்கும்போது பேலன்ஸ் சக்கரம் ஹேர்ஸ்ப்ரிங்கில் தொங்கிக்கொண்டே வரும். சற்றுச் சாய்த்து, கீழ்முனை கல்லை விட்டு விடுபட்டதா என்று பார்த்துத் தூக்கி, உடனே புரட்டிப் படுக்க வைத்துவிடுங்கள். அந்த அச்சுமுனையின் குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர். இதைப் புரிந்துகொண்டவர் இங்கே அவசரப்பட மாட்டார்.

இதன்பின் பிரிப்பு வேகமாகப் போகும். ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்துக்கொண்டு, அந்தந்த அடுக்கின் திருகுகளை அந்தந்த டப்பியிலேயே போடுங்கள். ஒரே மாதிரி தெரியும் திருகுகளில் ஒன்று அரை சுற்று நீளமாக இருக்கும். அதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் டயல் பக்கம் முனை எட்டிப்பார்த்துத் தேதி வட்டைப் பிடித்துக்கொள்ளும். "சர்வீஸ் பண்ணின நாளிலிருந்து தேதி மாறல அண்ணே" என்று திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

சுத்தம் செய்வதற்கு முன் பரிசோதனை. 10 மடங்கு லென்சில் ஒவ்வொரு அச்சுமுனையும் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். வளையமாக ஒரு கோடு தெரிந்தால் தேய்ந்திருக்கிறது. மெருகேற்றலாம், ஆழமாக இருந்தால் அந்தச் சக்கரமே மாற்றம். இந்த மெஷினில் கற்கள் உள்ள இடங்கள் நன்றாகவே தாங்கும். தேய்வது கல் இல்லாத இடம், அதாவது மெயின் ஸ்ப்ரிங் அடங்கிய பேரலின் நடு அச்சான ஆர்பர் நிற்கும் துளை. பித்தளைத் துளை நீள்வட்டமாகித் தேய்ந்தால் பேரல் சாய்ந்து பக்கத்துச் சக்கரத்தை உரசும். பேரலைத் தனியாகப் பிரிட்ஜில் வைத்து ஆட்டிப் பாருங்கள். தள்ளாடினால் பிரிட்ஜை மாற்றுவதோ துளைக்குப் புது புஷ் (உள்வளையம்) அடிப்பதோதான் வழி. வேறு எதை எவ்வளவு சுத்தம் செய்தாலும் பேலன்ஸ் ஊசலாடும் கோணமான வீச்சு ஏறாது. சந்தையில் ஓடாத சீகோ ஒன்றை உதிரிக்காக வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அன்றைக்குப் பயன்படும்.

துரு பிடித்த திருகு தட்டுக்குள் உடைந்து நின்றால் துளைபோட ஓட வேண்டாம். லெபு பாசாரில் மளிகைக் கடையில் படிகாரம் கிடைக்கும், சவரத்துக்குத் தடவுவோமே, அதேதான். வெதுவெதுப்பான தண்ணீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து, அந்தப் பித்தளைத் தட்டை அதில் மூழ்க வைத்துவிடுங்கள். எஃகு மட்டும் அரிந்து கறுப்புப் பொடியாக உதிரும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். கரைசலைச் சூடாகவே வைத்திருந்தால் சீக்கிரம் முடியும். ஒரே நிபந்தனை: தட்டில் வேறு எஃகுப் பாகம் ஒன்றுகூட ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மறந்துபோன ஒரு எஃகு முளை இருந்தால் அதுவும் சேர்ந்து கரையும்.

சுத்தம் இரண்டு கட்டம். முதலில் லைட்டர் பெட்ரோலில் ஊறவைத்து மென்தூரிகையால் துடைத்தல். பிறகு ஒவ்வொரு கல் துளையிலும் கூர்சீவிய மரக்குச்சியைச் செருகிச் சுழற்றுதல். இதற்கென்று விற்கும் குச்சி இல்லாவிட்டால் சாத்தே குச்சியைப் பிளேடால் சீவிக்கொள்ளலாம், மூங்கில் நார் மட்டும் உள்ளே நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குச்சி நுனி பழுப்பாக வெளியே வரும். மறுபடி சீவி, மறுபடி செருகி, வெள்ளையாக வரும்வரை. அல்ட்ராசோனிக் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டப் பார்ப்பார்கள். அந்த இயந்திரம் கல்லுக்குள் பிசினாக இறுகிய எண்ணெயை முழுதாக எடுப்பதில்லை. குச்சி எடுக்கும். அதற்குப் பிறகு கடிகாரச் சுத்தக் கரைசலில் அல்ட்ராசோனிக் மூன்று நாலு நிமிடம், இரண்டு முறை அலசல்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசுபவர்கள் பேலட் நெம்பையும் பேலன்ஸையும் அதில் ஊறப்போடக் கூடாது. அவற்றின் கற்கள் அரக்கால் ஒட்டப்பட்டவை, அரக்கு ஆல்கஹாலில் கரையும். லைட்டர் பெட்ரோலில் ஓரிரு முறை முக்கி எடுத்தால் போதும். அலசி முடித்ததும் உடனே ஊதி உலர்த்துங்கள். இந்த ஈரக்காற்றில் எஃகுப் பாகங்களை அப்படியே விட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது பழுப்புப் புள்ளி தெரியும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பி வேண்டும்.

மெயின் ஸ்ப்ரிங்கைக் கையால் பேரலுக்குள் சுருட்டாதீர்கள். விரலால் சுருட்டினால் அது கூம்பாகத் திருகிக்கொண்டு பேரல் மூடியை உரசும். சுருட்டும் கருவி வேண்டும், இல்லையேல் வட்டத்தில் அடைத்தே வரும் புது ஸ்ப்ரிங். ஆட்டோமேட்டிக் பேரலில் ஸ்ப்ரிங்கின் வெளிமுனை கொக்கியில் மாட்டியிருக்காது, முழுதாக ஏறியதும் சுவரில் வழுக்கும். அந்த வழுக்கலைக் கட்டுப்படுத்த மோபியஸ் 8217 போன்ற பிடிப்பு கிரீஸ் சுவரில் நாலைந்து புள்ளி. சாதாரண எண்ணெயைத் தடவினால் சீக்கிரமே வழுக்கி, கட்டிக்கொண்டிருந்தாலும் ராத்திரியில் நின்றுபோகும் வாட்ச் கிடைக்கும்.

சக்கரங்களை அடுக்கிப் பிரிட்ஜை மாட்டும்போது திருகை முதலில் இறுக்காதீர்கள். பிரிட்ஜின்மேல் விரல் பாரம் மட்டும் வைத்து, இடுக்கி நுனியால் ஒவ்வொரு அச்சையும் தட்டி அதன் கல்லுக்குள் நுழைத்து, எல்லாம் விழுந்தபின் பேரலை மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். சக்கரங்கள் சிரமமில்லாமல் ஓடினால்தான் திருகு. திருகு இறுக இறுக ஓட்டம் கனத்தால் ஏதோ ஒரு முனை வெளியே நிற்கிறது. இன்னும் கால் சுற்று திருகினால் அது ஒடியும். முழுதும் இறுக்கியபின் ஊதுபந்தால் ஒரு மூச்சுக் காற்று. எல்லாச் சக்கரமும் சுற்றி, நிற்கும்போது சிறிது பின்னோக்கி அசைந்து நின்றால் உள்ளே தடை இல்லை. ஒவ்வொரு அச்சும் மேலும் கீழும் ஒரு இழை ஆட வேண்டும். தட்டைப் புரட்டினால் சக்கரம் அந்த இழை அளவு கீழே இறங்குவது லென்சில் தெரியும். பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் மேஜிக் லீவரின் இரண்டு கைகளும் சக்கரத்தின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். 1959-லிருந்து சீகோ பயன்படுத்தும் இந்த அமைப்பில் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு கை இழுக்கும், மறுகை தள்ளும். ஒரு கை தவறான பக்கம் போயிருந்தால் மெஷின் நன்றாக ஓடும், ஆனால் ஏறவே ஏறாது.

எண்ணெய் இப்போது. மெதுவாகச் சுற்றிப் பாரம் தாங்கும் பேரலுக்கும் நடுச் சக்கரத்துக்கும் கனமான எண்ணெய், மோபியஸ் டி5 அல்லது எச்பி 1300. வேகமாகச் சுற்றும் மேல் சக்கரங்களுக்கும், பேலட் நெம்பு தடுத்து விடும் எஸ்கேப் சக்கரத்துக்கும், பேலன்ஸுக்கும் மெல்லிய 9010. ஸ்டெம் பக்கத்துப் பாகங்களுக்கு கிரீஸ். 2 மில்லி புட்டி ஒன்று தீருவதற்குள் அதன் காலாவதி நாள் வந்துவிடும், அவ்வளவுதான் செலவு. சொட்டு என்பதே இங்கே அதிகம். எண்ணெய்க்கோலின் நுனியில் நிற்பதில் ஒரு பங்குதான் கல்லுக்குப் போக வேண்டும். லென்சில் பார்த்தால் அச்சைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிய வேண்டும், குழியின் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது.

பேலன்ஸ் அச்சின் நுனியை மூடியிருக்கும் மூடுகற்களில் அளவு இன்னும் தெளிவாகத் தெரியும். அதிர்ச்சி தாங்கும் டயாஷாக் ஸ்ப்ரிங்கை விடுவித்து, மூடுகல்லைத் தனியே எடுத்துத் துடைத்து, அதன் தட்டைப் பக்கத்தில் நடுவில் ஒரு புள்ளி வைத்து, துளைக்கல்லை மேலே கவிழ்க்க வேண்டும். இரண்டு கல்லுக்கும் நடுவே எண்ணெய் வட்டமாக நசுங்கித் தெரியும். அந்த வட்டம் கல்லின் அகலத்தில் பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையில் இருக்கட்டும். ஓரத்தைத் தொட்டுவிட்டால் கழுவி மறுபடி செய்யுங்கள்.

பேலட் நெம்பின் அச்சுமுனைகளுக்கு எண்ணெயே கிடையாது. அது சுற்றுவதில்லை, ஊசலாடுவது மட்டும்தான். எண்ணெயின் பிசுக்கு அதன் அசைவைக் கனமாக்கிவிடும். எஸ்கேப் பற்கள் உரசும் பேலட் கற்களின் முகத்துக்கு மட்டும் 9415. வெளியேறும் பக்கத்துக் கல்லில் ஊசிமுனை அளவு வைத்து, ஐந்து பல் கடக்கவிட்டு மறுபடி, இன்னும் ஐந்து பல் கடந்து மறுபடி. 15 பல் சக்கரத்துக்கு மூன்று முறையில் சுற்று முடிந்துவிடும். நெம்பின் கவையிலும் பேலன்ஸின் தள்ளுகல்லிலும் எண்ணெய் படவே கூடாது.

பேலன்ஸ் உயிர்த்ததும், டிக் ஒலியைக் கேட்டு வேகமும் வீச்சும் காட்டும் டைமிங் கருவி. கருவியில் அந்த மெஷினுக்குரிய லிஃப்ட் கோணத்தை (பேலட் நெம்போடு தொடர்பில் இருக்கும்போது பேலன்ஸ் சுழலும் கோணம்) சரியாகக் கொடுக்காவிட்டால் காட்டும் வீச்சு பொய். ஒரு டிகிரி பிசகினால் 250 இருக்கும் இடத்தில் ஐந்து டிகிரி கூடவோ குறையவோ காட்டும். ரேட்செட் திருகைத் திருப்பி முழுதாக ஏற்றி, டயல் மேல்நோக்கி வைத்துப் பாருங்கள். ஸ்விஸ் வாட்சுக்காரர்கள் 270-க்குக் கீழ் முகம் சுளிப்பார்கள். இந்த ரக சீகோவில் 240, 250 வந்தாலே நல்ல வேலை. 200-ஐத் தொடாமல் தடுமாறினால் பேரலையும் ஆர்பர் துளையையும் திரும்பப் பாருங்கள், அங்கேதான் இருக்கும். டயல் மேல், டயல் கீழ் இரண்டு நிலையிலும் வீச்சு கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். ஒன்றில் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கத்து மூடுகல்லில் அழுக்கு, அல்லது அந்த முனை தட்டையாகியிருக்கிறது. வாட்சை நிமிர்த்தி வைத்தால் முப்பது நாற்பது டிகிரி குறைவது இயல்பு. டிக், டாக் இடைவெளிகளின் வித்தியாசமான அடிப்பிழையை, ஹேர்ஸ்ப்ரிங் முனையைப் பிடித்திருக்கும் நெம்பால் 1 மில்லிவினாடிக்குள் கொண்டுவந்து, அதன்பின் வேக நெம்பைத் தொடுங்கள். வரிசை மாறினால் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டியதுதான். நாளைக்கு பத்துப் பதினைந்து வினாடிக்குள் நின்றுவிட்டால் அதற்குமேல் துரத்த வேண்டாம். இதே வம்சத்தில் பின்னால் வந்த 7S26-க்கே நாளைக்கு 20 வினாடி பிந்தலும் 40 வினாடி முந்தலும் ஏற்கத்தக்கது என்பதுதான் கம்பெனிக் கணக்கு.

கூட்டில் போடும்போது பின்மூடி வளையத்தையும் கிரவுன் வளையத்தையும் மாற்றிவிடுங்கள், பழையது கையில் எடுத்ததும் பொடியும். புதியதில் சிலிக்கோன் கிரீஸ் லேசாக. இதெல்லாம் வியர்வைக்கும் மழைத் தூறலுக்கும்தான். பத்து ஃபெரிங்கியில் குளிக்கப் போகும்போது கழற்றி வைக்கச் சொல்லுங்கள். இரவு 9 மணி முதல் விடிகாலை 4 மணி வரை தேதியைக் கிரவுனால் மாற்ற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் தேதி தள்ளும் பல் வட்டோடு பிணைந்திருக்கும், திருகினால் பல் போகும்.

முன்பெல்லாம் சர்வீஸ் செய்தவர் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதியைக் கீறிவைப்பது வழக்கம். அந்தப் பழைய கீறல்களைத் தேய்த்து எடுக்காதீர்கள், உங்களுடையதைக் கீறவும் வேண்டாம். ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் கழற்றிய ஸ்ப்ரிங், பழைய வளையங்கள், கூடவே தேதியும் வாட்சை ஆறு நிலைகளில் (டயல் மேல், டயல் கீழ், நான்கு பக்கம்) வைத்து எடுத்த கணக்கும் எழுதிய துண்டுச்சீட்டு. வாட்சோடு சேர்த்துக் கொடுத்தால் போதும்.